யார்க் கோபுரத்தில் பாதிதான் ரோமானியருடையது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இங்கிலாந்தின் யார்க் நகரைப் பற்றி வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். விறுவிறுப்பாக இருந்தது. ஆனால் முழுப்பக்கப் படத்துக்குக் கீழே ‘ரோமானியர் கட்டிய கோபுரம், இன்றும் அப்படியே’ என்று போட்டிருந்தீர்களே, அதைப் படித்துவிட்டு சும்மா இருக்க முடியவில்லை. மகள் அந்தப் பக்கம் குடியிருப்பதால் நான் பலமுறை சுற்றிவந்த, ‘மல்டாங்குலர் டவர்’ என்ற பலமுகக் கோபுரம் அது. கட்டட வேலையிலேயே காலத்தைக் கழித்தவன் என்பதால் எந்தச் சுவரைக் கண்டாலும் முதலில் கல்லைத்தான் பார்ப்பேன்.

உங்கள் படத்திலேயே விஷயம் தெரிகிறது. கோபுரத்தின் மொத்த உயரம் சுமார் 30 அடி. அதில் கீழே உள்ள 19 அடிதான் ரோமானியர் வேலை. கையடக்கமாகச் செதுக்கிய சின்னச் சின்னச் சுண்ணாம்புக்கற்கள், நூல் பிடித்தது போன்ற வரிசை, நடுவே சிவப்பு ஓட்டுச் செங்கல் பட்டை ஒன்று. அழகுக்கு வைத்ததாகத் தோன்றும். உண்மையில் அந்தப் பட்டை கல் வரிசைகளை மட்டப்படுத்தி, முகப்புக் கல்லை உள்ளே கொட்டிய கல்லும் சாந்தும் கலந்த கட்டுமானத்தோடு பிணைக்கிறது. அதற்கு மேலே கல் திடீரென்று பெரிதாகிறது. சிலுவை வடிவ அம்புத் துளைகளும் வந்துவிடுகின்றன. அது 13ஆம் நூற்றாண்டு வேலை. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு. உள்ளே கிடக்கும் கற்சவப்பெட்டிகளும் ரோமானியருடையவைதான், ஆனால் கோபுரத்தைச் சேர்ந்தவை அல்ல. ஊரின் வேறு இடங்களில் தோண்டி எடுத்து அங்கே கொண்டுவந்து வைத்தவை.

‘ரோமானிய மதில்மேல் நடந்தேன்’ என்கிறார் கட்டுரையாளர். நடந்திருக்க வழியில்லை. கி.பி. 71இல் ரோமானியரின் ஒன்பதாம் படையணி வந்து சுமார் 50 ஏக்கரில் கோட்டை போட்டபோது மதிலே கிடையாது. அகழி வெட்டி, களிமண்ணும் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளும் மரமும் கொண்டு எழுப்பிய கரைதான். கல் மதில் பிறகு வந்தது. ரோமானியர் போன பின் வந்தவர்கள் அதை இடிக்கவில்லை. அதன்மேலேயே மண்ணைக் கொட்டிக் கரையை உயர்த்திக்கொண்டே போனார்கள். வைக்கிங்குகள் கொட்டினார்கள், நார்மானியர் கொட்டினார்கள். கடைசியில் அந்த மேட்டின் உச்சியில் இடைக்கால மதில் எழுந்தது. கட்டுரையாளர் நடந்தது அதன்மேல்தான். பூதம் பார், மங்க் பார் என்ற இரு வாயில்களுக்கு இடைப்பட்ட நீளத்தில் அவர் காலுக்கு வெகு கீழே, மண்ணுக்குள், ரோமானிய மதில் இருக்கிறது. ஊஸ் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள மதிலுக்கும் ரோமானியக் கோட்டைக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த அடுக்குகளைக் கண்ணால் பார்க்கவும் வழி உண்டு. அதே கோபுரத்தின் பின்புறம் போனால், எந்தக் காலத்தில் கரை எவ்வளவு உயரம் இருந்தது என்பதைப் படிப்படியாக வெட்டிக் காட்டியிருக்கிறார்கள். படம் எடுத்தவர் பத்தடி தள்ளி நின்றிருந்தால் அது கிடைத்திருக்கும். மங்க் பாரைத் தாண்டிச் சிறிது தூரம் போய் மதிலின் உள்பக்கம் எட்டிப் பார்த்தால் கோட்டையின் கிழக்கு மூலையும் பள்ளத்தில் தெரியும்.

கோட்டையின் ஆற்றைப் பார்த்த பக்கத்தில் மட்டும் இப்படிப் பலமுகக் கோபுரங்கள் வரிசையாக நின்றன. அவை எழுந்தது மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்திலா, 300ஐ ஒட்டியா என்று அறிஞர்களிடையே இன்னும் வழக்கு நடக்கிறது. காவலுக்கு என்பதைவிட, அக்கரை ஊர்க்காரர்களும் படகில் வருகிறவர்களும் பார்த்து வாய்பிளக்கத்தான் அவ்வளவு செலவு செய்தார்கள் என்பது என் எண்ணம். பகட்டு இல்லாத அரசு எது?

இன்னொன்று. ஒன்பதாம் படையணி ‘ஸ்காட்லாந்துப் பனிமூட்டத்தில் மாயமானது’ என்று எழுதியிருக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. 1854இல் யார்க் கிங்ஸ் ஸ்கொயரில் பூமிக்கடியில் ஒரு கல்வெட்டுத் துண்டு கிடைத்தது. பேரரசர் டிராஜன், ஒன்பதாம் படையணியைக் கொண்டு கட்டியது என்று கோட்டை வாயிலில் பதித்த கல் அது. அதிலுள்ள பட்டங்களை வைத்துக் காலம் 107–108 என்று கணித்திருக்கிறார்கள். பிரிட்டனில் அந்தப் படையைப் பற்றிக் காலம் சொல்லும் கடைசிச் சான்று அதுதான். ஆனால் நெதர்லாந்தின் நைமேகனில் அதே படையின் முத்திரை குத்திய ஓடு கிடைத்திருக்கிறது. ஆகவே இடம் மாறிப் போயிருக்கவே வாய்ப்பு அதிகம். 122ஐ ஒட்டி யார்க்குக்கு ஆறாம் படையணி வந்துவிட்டது.

அடுத்த இதழில் படக்குறிப்பையாவது திருத்திப் போடுங்கள். உங்கள் கட்டுரையைப் பார்த்துக் கிளம்பும் வாசகர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்லலாம்: கோபுரம் நிற்கும் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. டிராஜன் கல்வெட்டு, அதே தோட்டத்துக்குள் இருக்கும் யார்க்‌ஷயர் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளது. அதற்குள் போகத்தான் சீட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்,
திருச்சி