உள்தாழ்ப்பாள்

அடியே,

ஏழு மாதமாகப் பதில் போடாததற்கு நீ திட்டியதெல்லாம் நியாயம்தான். உடம்புக்கு ஒன்றுமில்லை, பூனை மறுபடி குட்டி போட்டிருக்கிறது. விஷயத்துக்கு வருகிறேன்.

புருஷனின் அடி உதைக்குத் தப்பி வந்த பெண்கள் தங்கும் இல்லம் ஒன்றுக்குச் சிற்பம் செய்து தரச் சொன்னார்கள். பழைய இரும்பு அவர்களுடையது, உழைப்பு என்னுடையது. எனக்குத் தலைகால் புரியவில்லை. சங்கிலியை அறுத்தெறியும் பெண், ஸ்பேனர்களாலேயே இறக்கை, ஆறடி உயரம்! 1942இல் சைக்கிள் சீட்டையும் ஹேண்டில்பாரையும் சேர்த்துக் காளைத்தலை செய்த பிக்காசோவே வந்து கும்பிடுவார் என்று நினைப்பு. (பெண்களை அவர் நடத்திய லட்சணத்துக்கு அந்தப் பேச்சையே அங்கே எடுத்திருக்கக் கூடாது. எடுத்தேன்.)

வரைந்ததைக் காட்டினேன். ஒருத்தி நிதானமாகப் பார்த்துவிட்டு, "நான் பறந்தெல்லாம் வரலைங்க. ரெண்டு பை, ஒரு பிள்ளை, நடந்துதான் வந்தேன். அதுவும் மூணாவது தடவை" என்றாள். பொறுப்பாளர் அதற்கு மேல்: வாசலில் ஆறடிச் சிலை நின்றால் இடம் ஊருக்கே தெரிந்துவிடாதா? விட்டு வெளியேறும் சமயத்தில்தான் உயிருக்கு ஆபத்து அதிகம், அதனால்தான் முகவரியே ரகசியம். இதுகூட எனக்குத் தோன்றவில்லை பார்.

அமெரிக்காவின் மினசோட்டாவில் 1990இல், குடும்ப வன்முறையில் கொல்லப்பட்ட 26 பெண்களுக்கு ஆளுயரச் சிவப்பு மர உருவங்கள் செய்தார்கள். கணக்கில் வராமல் போனவர்களுக்காக 27ஆவதாக ஒன்று. அது செத்தவர்களுக்கு. இவர்கள் உயிரோடு இருக்கிறார்கள். என்னதான் வேண்டும் என்று கேட்டால், "தாழ்ப்பாள். உள்பக்கம் போடுற மாதிரி" என்கிறார்கள்.

ஆளுக்கொன்று, அவரவர் கையாலேயே. முதல் நாள் கிரைண்டர் சத்தத்துக்கு ஒருத்தி எழுந்து வெளியே ஓடிவிட்டாள். அதன் பிறகு "போடப்போறேன்" என்று சொல்லாமல் சுவிட்சில் கை வைப்பதில்லை. மூன்றாம் வாரம் அவளே வாங்கிப் பிடித்தாள். வளைந்த ஸ்பேனர்தான் அவளுடைய நாதாங்கி. முனையில் நாலு கண்ணி சைக்கிள் செயின், இழுத்தால் கலகலவென்கிறது. துத்தநாகம் பூசிய ஜிஐ பைப் பக்கம் மட்டும் யாரையும் விடவில்லை. அந்தத் துத்தநாகப் புகையில் எனக்கு வந்த குளிர்காய்ச்சலைத்தானே நீ மலேரியா என்று அழவைத்தாய்!

குண்டூசி அன்று ராத்திரி நம் அறைக்கு வந்தாளே. "இவ்வளவு நாள் ஏன்டி பொறுத்துக்கிட்டே?" என்று கேட்டது நான்தான். விடியும் முன்னே திரும்பிப் போய்விட்டாள். நீ அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இங்கே யாரும் அப்படிக் கேட்பதில்லை. "ராத்திரி எங்கே தங்கப் போறே, சர்டிபிகேட்டெல்லாம் கையில இருக்கா?" அவ்வளவுதான்.

உனக்கு அவள் எழுதுகிறாள் என்று தெரியும். முகவரி கேட்கவில்லை. நான் எழுதலாமா என்று மட்டும் அவளிடம் கேட்டுச் சொல்.

உன்
துருப்பிடித்தவள்