கண்ணாடியில் வெள்ளைப் புள்ளி: போனில் ஏன் விலை சொல்வதில்லை?

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

நல்லூர்த் திருவிழா முடிந்து வாகனங்கள் கொழும்புக்குத் திரும்பத் தொடங்கினால், வாகனங்களுக்குக் கறை எடுத்துப் பொலிஷ் போடும் எங்கள் கடைப் போன் ஓயாது. "தம்பி, வேன் கண்ணாடி முழுக்க வெள்ளைப் புள்ளி. எடுக்க எவ்வளவு முடியும்?" என்று கேட்பீர்கள். "ஒருக்கா கொண்டு வந்து காட்டுங்கோ" என்போம். சிலருக்கு இது பிடிப்பதில்லை. ஆளைக் கடைக்கு வரவழைத்துத் தலையில் மிளகாய் அரைக்கப் பார்க்கிறீர்களா என்று ஓர் ஐயா நேரடியாகவே கேட்டுவிட்டார். கேம்பர் வேன், மோட்டார்ஹோம், கரவன் என்று உள்ளேயே தங்கிப் பயணம் செய்யும் வாகனங்கள் வைத்திருப்பவர்களிடம் நாங்கள் ஏன் இதில் இன்னும் பிடிவாதமாக இருக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்லவே இந்த மடல்.

முதலில் புள்ளி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியில் கிடப்பது சுண்ணாம்புக்கல். மழைத்தண்ணீர் அதற்குள் இறங்கும்போது கல்லையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டுதான் கிணற்றுக்கு வருகிறது. அப்படிக் கரைந்த கல்சியமும் மக்னீசியமும் கூடியிருக்கும் தண்ணீரைத்தான் பள்ளிக்கூடத்தில் வன்னீர் என்று படித்தோம். ஊர் வீட்டுக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் பிடித்திருப்பதும் வேன் கண்ணாடியில் இருப்பதும் ஒரே சரக்கு. வவுனியா, அநுராதபுரம், பொலன்னறுவைப் பக்கத்தில் பாறைக்குள் தோண்டிய குழாய்க்கிணறுகள் பலவற்றிலும் இதே கதைதான். இந்தக் கரைசல், கல்சியம் காபனேற்றாகக் கணக்கிட்டால், லீற்றருக்கு 180 மில்லிகிராமைத் தாண்டினால் மிகவும் வன்மையான தண்ணீர் என்பது பொதுக் கணக்கு. கொழும்புக்கு வருவதோ லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களின் தண்ணீரும், அம்பத்தளையில் சுத்திகரித்த களனி கங்கைத் தண்ணீரும். அது மென்மையானது. அதனால்தான் வீட்டில் வருடக்கணக்காகக் குழாய்த்தண்ணீரில் கழுவியும் வராத புள்ளி, ஒரே ஒரு வடக்குப் பயணத்தில் வந்துவிடுகிறது.

தங்கும் இடத்தில் நல்ல மனதோடு ஒருவர் ஹோஸ் பிடித்து வாகனத்தைக் கழுவித் தருவார். நேரம் பகல் இரண்டு மணி. ஆடி, ஆவணியில் அங்கே சோளகக் காற்று வறண்டு வீசும். துடைக்கத் துணி எடுப்பதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும். காயும் துளியைக் கிட்ட நின்று பார்த்தால், கரைந்திருந்த உப்பெல்லாம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வளையமாகப் படிவது தெரியும். அடுத்த நாள் கழுவும்போது அதே வளையத்தின் மேல் இன்னொன்று. வெயிலில் கிடந்த கறுப்பு வேன் என்றால் தகடு கைவைக்க முடியாத அளவு சுடும். அந்தச் சூட்டில் படிவு பெயின்ற்றின் மேல்படையையும் தின்னத் தொடங்கும்.

வடக்குக்கே போகாத வாகனங்களும் எங்களிடம் வருகின்றன. வெள்ளவத்தை, தெஹிவளை அடுக்குமாடிகளின் கீழ்த்தளத்தில் நிறுத்துபவர்களுடையவை. கொங்கிறீற் தட்டில் கசியும் தண்ணீர் சீமெந்தின் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வாகனக் கூரையில் சொட்டுகிறது. அது கடும் காரம், கிணற்றுத் தண்ணீரைவிட மோசம். பெயின்ற்றை அரித்து, காற்றோடு சேர்ந்து கல்லாகவே இறுகிவிடும். அப்படிச் சொட்டு விழுந்ததைக் கண்டால் அன்றைக்கே கழுவுங்கள், ஞாயிற்றுக்கிழமை வரை வைத்திருக்காதீர்கள். அறுகம்பே போய்வந்த வேன்களில் படியும் கடலுப்பு வேறு விஷயம். அது நல்ல தண்ணீரிலேயே கரையும். அதற்கு எங்களுக்குக் காசு தரத் தேவையில்லை.

இனி கண்ணாடிக்கு வருவோம். விலை சொல்ல முடியாததற்கு முதல் காரணம் இங்கேதான் இருக்கிறது. ஹயேஸ் வேனை உள்ளே மாற்றிச் செய்த கேம்பர் என்றால் யன்னல்கள் பெரும்பாலும் உண்மையான கண்ணாடி. வெளிநாட்டில் இருந்து வந்த மோட்டார்ஹோம், கரவன்களில், அடிப்பக்கத்தைத் தள்ளி மேலே தூக்கித் திறக்கும் யன்னல்கள் அநேகமாக இரட்டைப்படை அக்ரிலிக், அதாவது பிளாஸ்ரிக். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. விரல் மூட்டால் தட்டிப் பாருங்கள்: கண்ணாடி கணீரென்று ஒலிக்கும், அக்ரிலிக் மொத்தென்று கேட்கும். தொட்டால் கண்ணாடிதான் அதிகம் குளிரும். ஓட்டுபவருக்கு முன்னால் இருக்கும் முன்கண்ணாடியில் சந்தேகமே வேண்டாம், அது எப்போதும் கண்ணாடி.

இது ஏன் முக்கியம் என்றால், கடையில் விற்கும் கண்ணாடி கழுவும் திரவங்கள் பலவற்றில் அமோனியாவோ அல்ககோலோ இருக்கிறது. கண்ணாடிக்கு அதனால் ஒன்றும் இல்லை. அக்ரிலிக்கில் அடித்தால் உள்ளே மயிரிழை மயிரிழையாக வெடிப்பு ஓடும், சில வேளை உடனே தெரியாமல் பிறகு வெளிப்படும். அதைத் தேய்த்து எடுக்க முடியாது, யன்னலையே மாற்ற வேண்டும். இந்த யன்னல்களைக் கொழும்பில் தேடிப் பிடிப்பது எவ்வளவு பாடு என்பது, பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகள் முழுக்க அலைந்தவர்களுக்குத் தெரியும். பிளேட்டால் சுரண்டுவதும் அப்படித்தான்: ஒரே இழுப்பில் கீறல்.

புள்ளி புதிதென்றால் நீங்களே எடுக்கலாம், நாங்கள் தேவையில்லை. நிழலில் நிறுத்தி, தகடு ஆறியதும் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள். தூசியோடு தேய்த்தால் புள்ளிக்குப் பதில் கீறல்தான் மிஞ்சும். பிறகு நிறமில்லாத வெள்ளை வினாகிரியில் ஒரு துளியைப் புள்ளி மேல் விட்டுக் கிட்டப் பாருங்கள். பொடிப் பொடியாக நுரை கிளம்பினால் அது சுண்ணாம்புப் படிவு. அமிலத்தில் கரைந்து போகும். கண்ணாடி என்றால் வினாகிரியில் நனைத்த துணியை ஐந்து, பத்து நிமிடம் ஒட்டி வையுங்கள். காய விடக் கூடாது. பிறகு மெல்லத் துடைத்து நிறையத் தண்ணீர் விட்டு அலசுங்கள். அக்ரிலிக்கிலும் பெயின்ற்றிலும் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதியாகக் கலந்து, முதலில் ஒரு மூலையில் சோதித்து, ஒரு நிமிடத்துக்குள் அலசிவிடுங்கள். அலுமினியச் சட்டம், ஸ்ரிக்கர், றப்பர் ஓரம் இவற்றில் ஓடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தேசிக்காய்ச் சாறும் இதே வேலையைச் செய்யும் என்பது உண்மைதான், ஆனால் சக்கையும் பிசுக்கும் ஒட்டும். தென்னை வினாகிரி கறிக்கே இருக்கட்டும்.

நுரை வரவில்லை, துடைத்தும் வளையம் போகவில்லை என்றால் இரண்டில் ஒன்று. படிவில் சிலிக்கா இருக்கலாம். மணலின் சரக்கு அது, வினாகிரிக்கு அசையாது. இல்லையென்றால் படிவு போய்விட்டது, அது தின்ற பள்ளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பள்ளத்தில் கரைக்க எதுவும் இல்லை, சுற்றியுள்ள மட்டத்தை அந்த ஆழத்துக்கு இறக்க வேண்டும். கண்ணாடியில் இதை சீரியம் ஒக்சைட் பசையும் கம்பளி வட்டும் வைத்து, சூடேறாமல் மெதுவாகச் செய்வோம். ஆழமான பள்ளம் என்றால், அதுவும் முன்கண்ணாடியில், செய்ய மறுப்போம். ஓரிடத்தில் அதிகம் தேய்த்தால் அந்த இடம் காட்சியை வளைக்கும், இரவில் எதிர் வாகன வெளிச்சம் அதில் பட்டுச் சிதறும். வேலையை விடுவது எங்களுக்கும் நட்டம்தான்.

உடம்புப் பகுதியிலும் இதே கணக்கு. தகட்டு வேனின் பளபளப்பு மேல்படை ஏறக்குறைய 40, 50 மைக்ரோன்தான், தலைமயிரின் தடிப்புக்கும் குறைவு. ஒவ்வொரு பொலிஷுக்கும் அதில் கொஞ்சம் போகும். முன்பு எத்தனை தரம் பொலிஷ் போட்டார்கள் என்று வாகனம் வாய் திறந்து சொல்லாது. தகடு என்றால் அளவுமானி வைத்து மொத்தத் தடிப்பைப் பார்த்து ஊகித்துக்கொள்கிறோம். மோட்டார்ஹோம்களின் பைபர் உடம்பில் அந்தச் சாதாரண மானி வேலை செய்யாது, அதற்கு உலோக அடி வேண்டும். பைபரின் மேல் உள்ள ஜெல்கோட் என்ற பிசின் படை தடிப்பானது, அது ஓர் ஆறுதல். ஆனால் வெயிலில் வெளிறி மாப்போல உதிரும் ஜெல்கோட் எந்தக் கறையையும் உள்ளே உறிஞ்சும். வெறும் கண்ணால் பார்த்து, விரலால் தடவித்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. போனில் எப்படிச் சொல்வது?

தயவுசெய்து சிலவற்றைச் செய்யாதீர்கள். கழிவறை கழுவும் திரவங்கள் பலவற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். புள்ளி போகும், கூடவே குரோமும் அலுமினியமும் போகும். புளோரைட் கலந்த அமிலங்களை "மெஜிக் தண்ணி" என்று போத்தலில் ஊற்றி விற்பவர்களும் உண்டு. அது கண்ணாடியையே அரிக்கும், தோலில் பட்டால் ஆழமாகப் புண்ணாக்கும். கூரையின் பச்சைப் பாசிக்கு பிளீச் அடித்த கையோடு வினாகிரியை எடுக்காதீர்கள்; இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பாத்திரம் தேய்க்கும் பச்சைத் தேய்ப்பான் வாகனத்துக்குக் கிட்டவே வரக் கூடாது.

செராமிக் கோட்டிங் போட்டால் புள்ளியே வராதாமே என்று கேட்கிறீர்கள். நாங்களும் அதை விற்கிறோம், ஆனாலும் சொல்கிறோம்: வரும். கோட்டிங் தண்ணீரை உருண்டைத் துளியாக நிறுத்துகிறது. அந்தத் துளி வெயிலில் காய்ந்தால் உப்பெல்லாம் ஒரு சிறு வட்டத்துக்குள் குவியும். கோட்டிங்கால் கிடைக்கும் நன்மை, படிவு நேராகப் பெயின்ற்றைத் தொடாமல் மேலேயே நிற்பதுதான். வினாகிரியில் கழுவிய இடத்தில் முன்பு பூசிய மெழுகும் குறைந்து போயிருக்கலாம். காய்ந்ததும் மறுபடி ஒரு பூச்சுப் பூசுங்கள்.

மற்றபடி, வன்னீரில் கழுவத்தான் வேண்டுமென்றால் காலையிலோ பொழுதுபட்டோ பகுதி பகுதியாகக் கழுவி, ஒவ்வொரு பகுதியையும் உடனே துடையுங்கள். கடைசி அலசலுக்கு வீட்டு ஏசியின் குழாயில் சொட்டும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து, வடித்து எடுத்துப் போங்கள். அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. இரண்டு வாளி இருந்தால் ஒரு வேனின் கண்ணாடிகளுக்குப் போதும்.

பார்வையிடுவதற்குக் காசு இல்லை. பார்த்த பிறகு, வினாகிரியோடு முடிகிற வேலையா, பொலிஷ் வேலையா, தொடக்கூடாததா என்று சொல்லி, விலையையும் எழுதியே தருவோம். மழை நாளில் மட்டும் வராதீர்கள், வழியில் எங்கும் கழுவிக்கொண்டும் வராதீர்கள். ஈரக் கண்ணாடியில் புள்ளி மறைந்துவிடும். அது காயும் வரைக்கும் நீங்களும் நாங்களும் தேநீர் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

நன்றி.

இப்படிக்கு,
கடையிலுள்ள எல்லோரும்
கொழும்பு