ஜப்பானின் மித்தாக்கா வரை என்னை வழியனுப்பிய மலேசியாவின் சுங்கை சிப்புட் மக்களுக்கு

அன்புள்ள எங்கள் ஊர் உறவுகளுக்கு, வணக்கம்.

படிப்பை முடித்துப் போன மாதம் வீட்டுக்கு வந்துவிட்டேன். பசாருக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் யாராவது நிறுத்தி, குளிர் எப்படி இருந்தது, சாப்பாட்டுக்கு என்ன செய்தாய் என்று கேட்கிறீர்கள். நின்ற இடத்தில் ஒரு வார்த்தை நன்றி சொல்லிவிட்டு நகர எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் கொடுத்த காசு எந்த மாதிரி இடத்துக்குப் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் தோட்ட லயத்துக் கடைசி வீட்டுத் தாத்தாவுக்கு. அவருக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவருடைய அப்பாவை, போர்க்காலத்தில் ஜப்பான் ராணுவம் சயாமில் (இன்றைய தாய்லாந்தில்) போட்ட ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போனவர் திரும்பவில்லை. எனக்காகப் பணம் திரட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், "ஜப்பான்காரன் பள்ளிக்கூடத்துக்கா?" என்று மட்டும் அப்பாவிடம் கேட்டார். அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. மறுநாள் விடியற்காலை, அப்பா தோட்டத்துக் காலைப் பெரட்டுக்கு, ஆள்கணக்கு எடுக்கும் இடத்துக்கு, கிளம்பும் நேரத்தில் தாத்தாவே வந்து 200 வெள்ளிப் பணத்தை அம்மா கையில் வைத்தார். "பிள்ளை படிக்கட்டும். எங்கப்பாவ பத்தி அங்க யாராச்சும் எழுதி வெச்சிருக்காங்களான்னு மட்டும் பார்க்கச் சொல்லும்மா."

தாத்தா, அந்தக் கேள்வியோடுதான் நான்கு வருடமும் படித்தேன்.

நான் படித்தது தோக்கியோவின் மேற்கே மித்தாக்காவில் இருக்கும் அனைத்துலகக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தின் லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரியில். போரின்போது அந்த நிலம் நாக்காஜிமா விமான நிறுவனத்தின் ஆராய்ச்சிக்கூடமாக இருந்தது. ஜப்பானின் போர் விமானங்களைச் செய்த நிறுவனம் அது. நாங்கள் பாடம் கேட்ட பிரதானக் கட்டடமே அன்றைய ஆராய்ச்சிக் கட்டடம்தான். அதையே திருத்தி வகுப்பறைகளாக்கியிருக்கிறார்கள். முதல் வாரம் இதைக் கேள்விப்பட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. இந்தக் கட்டடத்துக்குள்ளா உங்கள் காசில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று தோன்றியது.

அப்புறம்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் பிறப்பைப் பற்றித் தேடிப் படித்தேன். 1946-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், ரிச்மண்ட் நகரில், ஜான் மக்லீன் என்ற போதகர் தம் சபையாரிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். நம் நாடு ஜப்பான் மீது அணுகுண்டு போட்டது, அதற்கு வருந்துகிறோம் என்பதைக் காட்ட அந்த மக்களுக்கு உதவி திரட்டுவோம் என்றார். போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம் அது. ஜப்பானிலும் பணம் சேர்ந்தது. அங்கே அந்த வேலைக்குத் தலைமை தாங்கியவர் அந்நாட்டு மத்திய வங்கியின் ஆளுநர் இச்சிமாதா ஹிசாத்தோ. அவர் கிறிஸ்தவர் அல்லர். 1949 ஜூனில் கோத்தெம்பா என்ற ஊரில் இரு தரப்பாரும் கூடிப் பல்கலைக்கழகத்தை நிறுவினார்கள். 1953 ஏப்ரலில் கல்லூரி திறந்தது. முதல் தலைவர் யுவாசா ஹாச்சிரோ ஒரு பூச்சியியல் அறிஞர். போருக்கு முன்பு இன்னொரு பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்து, ராணுவக் கெடுபிடிக்கு ஒத்துப்போக முடியாமல் 1937-இல் பதவியை விட்டவர்.

நேற்றுவரை ஒருவர்மேல் ஒருவர் குண்டு போட்டவர்கள் சேர்ந்து கட்டிய கல்லூரி என்று இதைத்தான் சொல்ல வேண்டும். இறைவனுக்கும் மனிதருக்கும் தொண்டு செய்து, நிலையான அமைதிக்காக உழைக்கும் ஆட்களை உருவாக்குவதே அதன் நோக்கம். ஏட்டில் மட்டும் இருக்கும் நோக்கம் இல்லை. சேரும் நாளில் ஒவ்வொரு மாணவரும், 1948-இல் ஐக்கிய நாட்டு சபை அறிவித்த உலக மனித உரிமைப் பிரகடனத்தை மதித்து நடப்பேன் என்ற உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். நானும் போட்டேன். எல்லாருடைய பெயரையும் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். அப்பா பெயரோடு சேர்ந்த என் நீளமான பெயரை அந்த ஜப்பானியர் தடுமாறாமல் வாசித்தபோது, பக்கத்தில் அம்மா இல்லையே என்றிருந்தது.

"மதம் மாத்திடுவாங்களோ" என்று மாரியம்மன் கோயிலில் பயந்த அத்தைகளுக்கும் ஒரு வார்த்தை. கிறிஸ்தவ சமயத்தை அறிமுகப்படுத்தும் ஒரு பாடம் எல்லாருக்கும் கட்டாயம். அதைப் படித்தேன், நிறையக் கேள்வி கேட்டேன், நல்ல மதிப்பெண்ணும் வந்தது. நெற்றியில் விபூதியோடுதான் போனேன், வந்தேன். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

உயிரியல் படிக்கப் போன நான் வரலாற்றோடு திரும்பியிருப்பதைப் பற்றியும் கேட்கிறீர்கள். அந்தக் கல்லூரியின் முறையே அப்படி. சேரும்போதே துறையை முடிவு செய்ய வேண்டியதில்லை. அறிவியல், இலக்கியம், பொருளியல், சமயம் எனப் பலவற்றையும் படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் வருடக் கடைசியில் 31 துறைகளிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். கடைசி வருடம் எல்லாரும் ஓர் ஆய்வேடு எழுதியாக வேண்டும். நம் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்கு முந்திய எஸ்டிபிஎம் தேர்வை முடித்த கையோடு, எதில் இடம் கிடைக்குமோ அதில் போய் விழுகிறார்கள். நின்று யோசிக்க அந்த இரண்டு வருடம் அவர்களுக்கும் கிடைக்க வேண்டும் என்று மனதார ஆசைப்படுகிறேன்.

என் ஆய்வேடு சயாம் ரயில் பாதைக்குப் போன தோட்டத் தமிழர்களைப் பற்றியது. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. 60,000-க்கும் மேற்பட்ட நேச நாட்டுப் போர்க்கைதிகள் அதில் வேலை செய்தார்கள். அவர்களைவிட ஆசியத் தொழிலாளர்கள் மிக அதிகம், அதில் நம்மவர்கள் பெருந்தொகை. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் கிட்டத்தட்ட 7,000 கைதிகள் வரிசையாக அடக்கமாகியிருக்கிறார்கள். நம்மவர்களில் பெரும்பாலோர் புதைந்த இடத்துக்கு அடையாளமே கிடையாது. தாத்தா, நூலகத்தில் நான் புரட்டிய எந்தப் புத்தகத்திலும் உங்கள் அப்பா பெயர் இல்லை. அதை என் பேராசிரியையிடம் சொன்னேன். அவர் ஜப்பானியர். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவர் பெயரைத் தமிழில் எழுதிக் காட்டு" என்றார். கரும்பலகையில் எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லச் சொல்லிப் பழகினார். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் அந்தப் பெயர் தமிழிலேயே இருக்கிறது.

மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். இந்தக் கல்லூரியைப் பற்றி முதலில் சொன்னவர் தேவாலயத்துப் போதகர். கட்டணத்தில் ஒரு பகுதியைக் கல்லூரியே தள்ளுபடி செய்தது. மீதிக்கு ஓர் உபகாரச் சம்பள அலுவலகம் கடைசி நாள்வரை இழுத்தடித்துக் கைவிரித்தபோது, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் நோட்டுப் புத்தகத்தோடு லயம் லயமாக ஏறி இறங்கினார். தம் முறைக்கு விழுந்த சீட்டுப் பணத்தை அப்படியே கொடுத்தார் செம்பனைத் தோட்டத்து அக்கா. ஒட்டுக்கடைச் சீன ஆன்ட்டி ஒரு மாதம் உண்டியல் வைத்தார். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சீக் என் குளிர்ச்சட்டையைத் தைத்தார். அந்த நோட்டுப் புத்தகத்தில் 143 பெயர்கள். 2 வெள்ளி கொடுத்தவர் பெயரும் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் நானே வருவேன்.

மலாயா இந்தியர் காங்கிரசுக்குத் தலைவராக இருந்த நம் சம்பந்தன் ஐயா 1960-இல் தோட்டத் தொழிலாளர்களுக்காகக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது, தோட்டத்துச் சனங்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய பங்குப் பணத்தில் தோட்டமே வாங்கினார்கள் என்று பாட்டி சொல்வார். அந்த நோட்டைப் பார்க்கும்போது பாட்டி பேச்சுத்தான் நினைவுக்கு வருகிறது.

ஆய்வேட்டைத் தமிழில் எழுதத் தொடங்கியிருக்கிறேன். முடிந்ததும் ஒரு படி தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு, ஒரு படி கோயிலுக்கு. சயாமுக்குப் போனவர்கள் உங்கள் குடும்பத்தில் இருந்தால் பெயர், தோட்டம், நினைவில் உள்ளது எதுவானாலும் சொல்லுங்கள், சேர்த்து எழுதுகிறேன். தாத்தா, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதல் அத்தியாயத்தோடு உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அம்மா கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்.

என்றும் உங்கள் பிள்ளை,
லயத்து மூன்றாம் வீட்டுப் பெண்