எங்கள் பள்ளியில் பிள்ளை இல்லாதவர்களுக்கு

அன்புடையீர்,

வணக்கம். நான் படித்த அரசுப் பள்ளியில் சென்ற வாரம் முன்னாள் மாணவர்கள் கூடினோம். புதிய வகுப்பறைக்குப் பணம் கொடுத்தவர்களின் பெயர்களைக் கல்வெட்டில் பொறித்திருந்தார்கள். மின்விசிறியின் இறக்கையில்கூட ஓர் உபயதாரர் சுற்றிக்கொண்டிருந்தார். அவர்களுக்கெல்லாம் மேடையில் நன்றி சொல்லியாயிற்று. விட்டுப்போனது நீங்கள்தான்.

நீங்கள் என்றால், அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளைகூட இல்லாமல் அதற்கு வரி கட்டியவர்கள். பிள்ளையே இல்லாதவர்கள், பிள்ளைகள் படித்து முடித்துப் பறந்துபோனவர்கள், தனியார் பள்ளிக்குக் கட்டணமும் கட்டிவிட்டு எங்களுக்கும் சேர்த்துக் கட்டியவர்கள். சோப்பு வாங்கும்போது அதிலுள்ள வரி எங்கே போகிறது என்று தெரியாமலே கொடுத்தவர்களும் இதில் அடக்கம்.

“எவர் பிள்ளையோ படிக்க நான் ஏன் அழ வேண்டும்?” என்று உங்களில் சிலராவது முணுமுணுத்திருப்பீர்கள். பழைய கேள்விதான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கல்வி வாரியச் செயலாளராக இருந்த ஹோரஸ் மான், பிள்ளை இல்லாத பணக்காரர்கள் கேட்ட இதே கேள்விக்கு 1846ஆம் ஆண்டு அறிக்கையில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். ஒரு தலைமுறையின் சொத்து முழுக்க அந்தத் தலைமுறையே சம்பாதித்தது இல்லை, பின்னால் வருகிறவர்களுக்கும் அதில் பங்குண்டு என்பது அவர் வாதம். நீங்கள் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை. முணுமுணுத்துக்கொண்டே கட்டினீர்கள். எனக்கு அது போதும்.

அந்தக் காசு என்ன ஆனது என்று கணக்குச் சொல்ல வேண்டாமா?

ஐந்தாம் வகுப்பு வரை எனக்கு மக்கு என்று பெயர். ஒருநாள் செவிலியர் ஒருவர் சுருட்டிய அட்டையோடு வந்தார். அட்டை முழுக்க ஆங்கில ‘ஈ’ எழுத்து. மேலே பெரிதாக, கீழே போகப் போகச் சிறிதாக, ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் பார்த்தபடி. அதைச் சுவரில் மாட்டி, ஆறு மீட்டர் அளந்து, தரையில் சாக்பீஸால் கோடு போட்டார். கோட்டில் நின்று, எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நீண்டிருக்கின்றன என்று விரலால் காட்ட வேண்டும். இரண்டாவது வரியிலேயே எனக்கு எல்லாம் கறுப்புப் புள்ளி. முன்னால் நின்றவள் காட்டியதை மனப்பாடம் செய்து அப்படியே காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே அட்டையைத் தலைகீழாக மாட்டினார்.

சில வாரங்களில் கண்ணாடி வந்தது, காசில்லாமல். கரும்பலகையில் அன்று எழுதியது மட்டுமல்ல, முந்தின பாடத்தை அழித்த தடமும் தெரிந்தது.

வீட்டில் யாருக்கும் என் கண்மேல் சந்தேகம் வந்ததில்லை. எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் ஒரே வரிசையில் நிறுத்த முடிகிற இடம் பள்ளிக்கூடம்தான். 1954இல் போலியோ தடுப்பூசியைச் சோதித்தபோது அமெரிக்கா, கனடா, பின்லாந்து நாடுகளில் சுமார் 18 லட்சம் பிள்ளைகள் அதில் பங்கெடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோரைப் பிடிக்கப் பள்ளிக்கூடங்கள்தான் கைகொடுத்தன. அந்த ஊசி அடுத்த வீட்டையும் காத்தது. அந்த வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்ததா இல்லையா என்று நோய் கேட்பதில்லை.

எல்லாம் சொகுசாக நடந்தது என்றால் பொய். ஒரு வருடம் முழுக்கக் கணக்குக்கு ஆசிரியர் இல்லை. கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே கதவைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இதற்கெல்லாம் நன்றி கிடையாது. (போன வாரம் பார்த்தேன், தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். ஆடுகிறது.)

ஆனால் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் என்னைக் கூட்டிவந்த அம்மாவிடம் தலைமையாசிரியை, “முதலில் பிள்ளை உட்காரட்டும், காகிதம் பிறகு வரட்டும்” என்றார். கென்யாவில் 2003இல் தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டே கிமானி மருகே என்பவர் 84 வயதில் சீருடை போட்டுக்கொண்டு முதல் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். அவர் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் தலைமையாசிரியை நினைவுக்கு வருவார். அவரையும் உட்காரத்தான் சொல்லியிருப்பார்.

மூன்றாவது பெஞ்சில் எனக்கு இந்தப் பக்கம் ஓர் அதிகாரியின் மகள், அந்தப் பக்கம் ஒரு சித்தாளின் மகள். மூவருக்கும் ஒரே அழிரப்பர். இன்று நாங்கள் மூவரும் அரசியலில் எதிலுமே ஒத்துப்போவதில்லை. போனில் கத்திவிட்டு வைத்துவிடுவோம், மறுநாள் யாராவது ஒருத்தி மறுபடி கூப்பிடுவாள்.

செவிலியர் அக்காவுக்குத் தனியாக ஒரு வரி: நான்கு முறை கண்ணாடி மாற்றிவிட்டேன், அக்கா. நீங்கள் கொடுத்த முதல் கண்ணாடி இன்னும் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஒரு கால் உடைந்துவிட்டது, நூல் சுற்றி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாவது பெஞ்சில் நடுவில் உட்கார்ந்திருந்தவள்