தரைக்கடியில் கிளிஞ்சல்

அன்புள்ள கவிதாவுக்கு,

இங்கே நாங்கள் நலம். வீடு வாங்கப் பார்ப்பதாக நேற்று போனில் சொன்னாய். சமையலறை அழகு, சுவர் பளபளப்பு என்று நீ சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன். அப்போது சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இங்கிலாந்து வந்திருந்தபோது சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏற்றி வைட் தீவுக்குக் கூட்டிப்போனாயே, அந்த ஆஸ்போர்ன் மாளிகையை நினைத்துப் பார். விக்டோரியா மகாராணி 1845-ல் வாங்கிய இடம். அவர் கணவர் ஆல்பர்ட்டே கட்டடக்காரர் தாமஸ் கியூபிட்டோடு உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார். கியூபிட் தச்சு வேலையில் தொடங்கியவர் என்று நீ படித்துச் சொன்னதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நானும் நாற்பது வருஷம் கொத்தனாராகக் கரணை பிடித்தவன் அல்லவா!

எதிரே இருந்த கடல் ஆல்பர்ட்டுக்கு நேப்பிள்ஸ் விரிகுடாவை ஞாபகப்படுத்தியதாம். அதனால் இத்தாலி பாணியில் இரண்டு கோபுரம், வளைவு ஜன்னல். தூரத்திலிருந்து பார்த்துக் கல் கட்டடம் என்றே நினைத்தேன். கிட்டே போனால் செங்கல் மேல் சிமென்ட் பூச்சு, கல் போலத் தெரிவதற்காகப் பூசியது. நான் தடவிப் பார்க்கப் போக, "தொடாதீங்கப்பா" என்றாய். நல்ல பூச்சுதான், குறை சொல்ல மாட்டேன்.

உள்ளே தர்பார் அறையில்தான் கூட்டம். பஞ்சாபிலிருந்து வந்த பாய் ராம் சிங் வடிவமைத்த அறை. கணப்புக்கு மேலே தோகை விரித்த அந்த மயிலை விட்டு எனக்கும் நகர மனம் வரவில்லை. அப்படி ஒரு சுதை வேலை!

ஆனாலும் ஊருக்கு வந்த பிறகு ராத்திரியில் ஞாபகத்துக்கு வருவது மயில் இல்லை, கிளிஞ்சல்தான். தீக்குப் பயந்து உத்திரங்களை வார்ப்பிரும்பில் போட்டிருக்கிறார்கள். மேல் மாடிச் சத்தம் கீழே இறங்காமல் இருக்கத் தரைக்கடியில் கிளிஞ்சலைக் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். நாம் சுட்டுச் சுண்ணாம்பாக்கும் அதே கிளிஞ்சல். குழந்தைகளின் அறை மகாராணியின் அறைக்கு நேர் மேலே. பெற்றது ஒன்பது! எத்தனை கால்கள் ஓடியிருக்கும்?

உன் வாடகை வீட்டில் மூன்று வாரம் இருந்தேன். மேல் வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்க எழுந்தாலும் எனக்குத் தெரிந்தது. நீ ராத்திரி டூட்டி முடித்துவந்து பகலில் காதில் பஞ்சை வைத்துப் படுத்ததைப் பார்த்தேன். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. மனசு கேட்கவில்லை, கண்ணு.

அதனால் பார்க்கப் போகிற வீட்டில் பெயின்டை அப்புறம் பார். மேல் மாடியில் ஒருவரை நடக்கச் சொல்லிவிட்டுக் கீழே நின்று கேள். பேச்சை நிறுத்திவிட்டுக் கேள். ஒருமுறை மழை பெய்த மறுநாள் போய் ஜன்னல் ஓரத்தையும் சுவர் மூலையையும் உள்ளங்கையால் தொட்டுப் பார், ஈரம் இருந்தால் கை சொல்லிவிடும். புதிதாக ஒரு சுவரில் மட்டும் வெள்ளை அடித்திருந்தால் ஏன் என்று கேட்காமல் வராதே.

வீட்டின் வரைபடம் இருந்தால் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. அம்மா பருப்புப் பொடி இடித்து வைத்திருக்கிறாள், வருகிறவர் கையில் கொடுத்தனுப்புகிறோம்.

அன்புடன்,
அப்பா