கோயில் திரையில் உபயகாரர் பெயர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு,

கண்ணகை அம்மனின் வைகாசிச் சடங்கு நெருங்க, நம் பகுதிக் கோயில்களின் கருவறை வாசலுக்குத் திரைச்சீலை உபயம் செய்வோரும் கூடுவர். துணி எடுக்கமுன் அவர்களுக்கும் கோயில் நிருவாகிகளான வண்ணக்கர்மாருக்கும் சில வார்த்தைகள்.

பளபளக்கும் பொலியெஸ்டர் வேண்டாம். பருத்தியும் தீப்பிடிக்கும்தான், ஆனால் சாம்பலாக உதிரும். பொலியெஸ்டர் சுமார் 250 பாகை செல்சியஸில் உருகிச் சொட்டி, பூசகரின் தோலில் ஒட்டிக்கொள்ளும். கச்சான் எனும் மேல்காற்று வீசும் மாதங்களில் வாசலால் புகும் காற்று திரையை ஊதி விளக்கின்மேல் போட்டுவிடும். கீழ் மடிப்பை 2 அங்குலத்துக்குப் பைபோலத் தைத்து, மெல்லிய பித்தளைச் சங்கிலியை உள்ளே விட்டால் சீலை பாரமாக நிற்கும். வாசல் 3 அடி அகலமென்றால் துணி நாலரை அடியாவது வேண்டும். குறைந்தால் ஓரத்தில் நீக்கல் விழும். நைலோன் கயிறு தொய்ந்து நடுவில் சிக்கும். பித்தளைக் குழாயும் வளையங்களுமே நல்லது. எண்ணெய் ஊறிய சீலை திரிக்குச் சமம், அடிக்கடி தோய்க்க வேண்டும். சடங்கின் நிறைவான குளிர்த்தி முடிந்து கதவடைக்கும் கண்ணகை அம்மன் கோயில்களில் அதை அப்படியே உள்ளே விட்டால், அடுத்த வைகாசிக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கதிர்காமத்தில் திரை விலகுவதில்லை. அதில் தீட்டிய முருகன் உருவையே அடியார் கும்பிடுகின்றனர். மற்றப் பல கோயில்களில் அலங்காரத்துக்கும் நைவேத்தியத்துக்கும் மூடிய திரை தீபாராதனைக்குத் திறக்கும். அப்படித் திறந்து மூடும் திரையில் சுவாமி படம் அச்சிட்டால், ஒவ்வொரு தடவையும் முகம் கசங்கி மடிப்புக்குள் போகும்.

பெயர் எழுதுவது அதைவிட மோசம். சைவ சித்தாந்தம் சொல்லும் மறைப்பு இரண்டு. ஒன்று, உயிரின் அறிவை மறைக்கும் ஆணவம். மற்றது ஐந்தொழிலில் ஒன்றான மறைத்தல். உயிர் பக்குவப்படும்வரை இறைவன் தன்னை மறைத்து நிற்கும் திரோதானம். கருவறைத் திரையை இந்த இரண்டாவதன் அடையாளமாகக் கொள்ளலாம். அதன்மேல் அரை அடி எழுத்தில் “உபயம்: இன்னார் குடும்பம், கனடா” என்று தைத்தால் முதலாவதும் சேர்ந்து தொங்கும். (திரை திறக்கும்வரை பக்தருக்கு வாசிக்க வேறொன்றும் இல்லை என்பதும் உண்மைதான்.)

உபயத்துக்குப் பற்றுச்சீட்டு எழுதிக் கொடுத்தால் போதும். எழுத்துத் தைக்கும் கூலியில் மாற்றுக்கு இன்னொரு திரை தைக்கலாம். ஒன்று தோய்க்கப் போனால் மற்றது வாசலில் இருக்கும்.

இப்படிக்கு,
ஆலயத் தொண்டர்கள்,
களுவாஞ்சிகுடி