தமிழுக்கு நிரல் எழுதுவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நண்பர்களே,

வணக்கம். நாம் எழுதும் சிறு நிரல்துண்டுகளைப் பிறரும் எடுத்துப் பயன்படுத்தும்படி பகிர்வது பற்றியே இம்மடல். பைத்தான் நிரல்மொழியில் "தமிழ்" என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 5 என்று விடை வரும். இகரக் குறிக்கும் புள்ளிக்கும், எழுத்துகளுக்கு எண் வழங்கும் தரமான யூனிகோடில் தனித்தனிக் குறியெண்கள் இருப்பதே காரணம். அதை 3 ஆக்கும் நிரல்துண்டு சில வரிகளில் அடங்கிவிடும். அந்தச் சில வரிகளைச் சொல்விளையாட்டுச் செயலி செய்பவரும், பிழைதிருத்தி உருவாக்குபவரும், கல்லூரிச் செயல்திட்டம் முடிக்கும் மாணவரும் ஆளுக்கொரு முறை புதிதாக எழுதிக்கொண்டிருக்கிறோம். தமிழ் உரையைக் கையாளும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான ஓப்பன் தமிழ் நூலகம் இருக்கிறதே என்பீர்கள். பைத்தானில் எழுதுவோருக்கு அது நல்ல துணை. ஜாவாஸ்கிரிப்டில் ஒரே ஒரு இணையப் பக்கம் அமைப்பவர் தேடுவதோ தனியாக எடுத்து ஒட்டத்தக்க ஒரு துண்டைத்தான்.

நம்மிடம் துண்டுகள் இருக்கின்றன. அவற்றை வைத்திருக்கும் இடங்கள்தாம் சரியில்லை. வாட்ஸ்அப் குழுவில் ஒட்டிய நிரலின் உடுக்குறிகள் (*) தடித்த எழுத்தாக மாறி மறைந்துவிடுகின்றன. வேர்டு கோப்பில் மேற்கோள்குறிகள் வளைந்துவிடுகின்றன. திரைப்பிடிப்பு அனுப்புவோரைப் பற்றிச் சொல்லாமல் விடுகிறேன். நிரல்துண்டுகளைப் பகிர்வதற்கான கிட்ஹப் ஜிஸ்ட் தளம் 2008 முதல் இருக்கிறது. அங்கு ஒவ்வொரு துண்டும், மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ஒரு கிட் களஞ்சியம் என்பதால் பழைய வடிவங்கள் அழியாமல் நிற்கும், பிறர் கிளை எடுத்துத் திருத்தவும் முடியும். ஆனால் அங்கே "இரகசியம்" எனக் குறித்ததையும் முகவரி தெரிந்த எவரும் படிக்கலாம். ஆகவே கடவுச்சொற்களை நீக்கிவிட்டுப் பகிருங்கள். உரிமம் குறிப்பிடாத நிரலைப் பொதுவில் வைத்தாலும் பதிப்புரிமை எழுதியவரிடமே இருப்பதால், பிறர் தடையின்றிப் பயன்படுத்த இடந்தரும் எம்ஐடி போன்ற உரிமம் ஒன்றையும் சேர்த்துவிடுங்கள்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்துவது, துண்டோடு சோதனைச் சொற்களையும் சேர்த்து வைப்பதைத்தான். "கொ" என்னும் எழுத்து ஒரே உயிர்க்குறியுடனும் பதிவாகலாம், கொம்பும் காலுமாகப் பிரிந்தும் பதிவாகலாம். ஒரே எழுத்தின் வெவ்வேறு பதிவுகளை ஒரே வடிவுக்குக் கொணரும் என்எஃப்சி என்னும் யூனிகோடு இயல்பாக்கம் அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிடும். "கௌ" என்பதற்குப் பதிலாக ளகரத்தை இட்டு "கெள" என்று தட்டச்சு செய்திருந்தால், கண்ணுக்கு வேறுபாடு தெரியாத அந்தப் பிழையை எந்த இயல்பாக்கமும் திருத்தாது. குறியெண் வரிசையில் சொற்களை அடுக்கினால், அகரவரிசையின்படி இறுதியில் வரவேண்டிய னகரம் நகரத்துக்கும் பகரத்துக்கும் இடையில் வந்து நிற்கும். இத்தகைய சொற்கள் ஐந்தாறு உடன் இருந்தால், எடுத்துப் பயன்படுத்துபவர் ஒரே நிமிடத்தில் துண்டின் தரத்தை அறிந்துகொள்வார். இல்லாவிட்டால் அவரும் புதிதாகவே எழுதத் தொடங்குவார்.

முதற்கட்டமாக எழுத்து எண்ணுதல், அகரவரிசைப்படுத்தல், பாமினி எழுத்துருவில் உள்ள பழைய உரையை யூனிகோடுக்கு மாற்றுதல் ஆகிய மூன்றுக்கும் உங்களிடம் உள்ள துண்டுகளை இம்முறையில் வெளியிடுமாறு வேண்டுகிறேன். ஒவ்வொன்றும் செய்யும் வேலையை முதல் வரியில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். எந்த மொழியில் தேடினாலும் கிடைக்கும்.

அன்புடன்,
தமிழ் நிரலாளர் ஒருவர்